மூணு இடுப்புக்கு ஒரு தோட்டா வார்

மலையடிவாரத்தில் கோணக்கரடு என்று ஓர் ஊர். அங்கே புத்தி கெட்டவன் என்று தனியாக ஒருத்தனைக் கைகாட்ட முடியாது. எதையும் எல்லோரும் சேர்ந்துதான் யோசிப்பார்கள்.

அந்த ஊர்க் குப்பாண்டியின் கடலைக்காட்டில் ஒரு காட்டுப்பன்றி விருந்தாளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது. விருந்தாளியாவது ஒருநாள் விட்டு வருவான். இது பொழுது சாய்ந்தால் வந்துவிடும். பாதிக் காடு போயாச்சு.

குப்பாண்டி பெண்சாதி இருளாயி புருசனிடம் அமைதியாகச் சொன்னாள். "மிச்சக் கடலையும் அந்தப் பன்னிக்குத்தான்னா, நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன். நீ அதுக்கே பொங்கிப் போட்டுக்கிட்டு இரு."

ஊருக்குப் பொதுவாகப் பயிர்க்காவல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர்: குப்பாண்டி, இருளாயியின் தம்பி வெயிலான், குப்பாண்டியின் சித்தப்பா நல்லமுத்து. நல்லமுத்துதான் மூவரிலும் அறிவாளி. அதனால்தான் சேதம் கொஞ்சம் கூடுதல்.

துப்பாக்கியில் குறையில்லை. தோட்டாவுக்குத்தான் இடமில்லை. வேட்டி மடியில் வைத்தால் விழுந்துவிடும். வெற்றிலைப் பையில் வைத்தால், பன்றி வரும் நேரம் பாக்கு கையில் வரும். ஆகவே டவுனில் மாட்டுக்குச் சலங்கை வார் தைக்கும் ஆரோக்கியத்திடம் போய், தோட்டா செருகி இடுப்பில் கட்ட ஒரு தோல் வார் கேட்டார்கள்.

"தைச்சிடலாம். கட்டப்போறவங்க இடுப்பளவு வேணும்," என்றார் ஆரோக்கியம். "வெறும் வயித்துல அளவெடுக்காதீங்க. நல்லா சாப்பிட்டப்புறம் எடுங்க. இல்லைன்னா பின்னால இறுக்கும்."

ஊருக்கு வந்து உட்கார்ந்து பேசினார்கள்.

"என் காடு. என் இடுப்பைத்தான் அளக்கணும்," என்றான் குப்பாண்டி.

"அப்ப துப்பாக்கியும் உன்னோடதா, மச்சான்? நாளைக்கு ஊர்ல கேட்டா என்ன சொல்லுவ?" என்றான் வெயிலான்.

நல்லமுத்து தொண்டையைச் செருமினார். "துப்பாக்கி பொது. அப்ப வாரும் பொது. வார் பொதுன்னா இடுப்பும் பொதுவாத்தானேடா இருக்கணும்?"

மூவரும் இருளாயி வீட்டில் மூக்குமுட்டத் தின்றார்கள். முதுகோடு முதுகு ஒட்டி நின்று, மூவரையும் சேர்த்து ஒரே கயிற்றால் அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆரோக்கியம் கயிற்றை விரித்துப் பார்த்தார். "இது யாரு இடுப்பு? கோயில் தேரோடதா?"

"ஊர்ப் பொது இடுப்பு," என்றார் நல்லமுத்து.

ஆரோக்கியம் எத்தனையோ மாட்டைப் பார்த்தவர். அளவு மாறாமல் தைத்துக்கொடுத்தார். முன்பக்கம் தோட்டா செருக வரிசையாகச் சிறுபை, பின்பக்கம் பித்தளைக் கொக்கி. கொடுக்கும்போது சொன்னார்: "புதுத் தோல் விறைப்பா இருக்கும். உடம்புக்குப் படியிற வரைக்கும் கழட்டாதீங்க. தண்ணி மட்டும் படவே கூடாது."

கழற்றவில்லை. மூவரும் ஒரே வாருக்குள் தின்றார்கள், நடந்தார்கள், தூங்கினார்கள். ஒருத்தனுக்கு முதுகு அரித்தால் மூன்று பேரும் சொறிந்துகொண்டார்கள். தண்ணீர் படக்கூடாது என்பதால் குளியலும் நின்றது.

"இனி துப்பாக்கி எதுக்கு?" என்றாள் இருளாயி, மூக்கைப் பொத்திக்கொண்டு. "காத்தடிக்கிற பக்கமாப் போய் நில்லுங்க. பன்னி தானா ஓடிடும்."

பன்றிக்கு அந்த அளவு நாசூக்கு இல்லை. அன்றைக்கும் வந்தது. குப்பாண்டி நின்ற பக்கமாக வந்தது. துப்பாக்கி வெயிலான் கையில். தோட்டா நல்லமுத்துவின் தொப்பையில்.

"வந்துடுச்சு, தோட்டாவைக் குடுங்க சித்தப்பா," என்றான் குப்பாண்டி.

"எங்கடா வந்துச்சு? எனக்கு வேலிதான் தெரியுது."

"சுத்துங்க."

சுற்றினார்கள். நல்லமுத்துவுக்குப் பன்றி தெரிந்தது, குப்பாண்டிக்கு வேலி வந்தது. இன்னொரு சுற்றில் வெயிலானுக்குப் பன்றி வந்தது, தோட்டா வேலிப் பக்கம் போனது. செக்கு மாதிரி அவர்கள் சுற்ற, பன்றி தலையைத் தூக்கிக் கொஞ்சம் வேடிக்கை பார்த்துவிட்டு, ஒரு பாத்தியை முடித்துக்கொண்டு கிளம்பியது. துரத்தினார்கள். ஒருத்தன் முன்னால் ஓட, இரண்டு பேர் பின்னால் ஓட, மூவரும் வாய்க்காலோரம் உருண்டார்கள். தண்ணீருக்கு இந்தப் பக்கமே விழுந்ததில் நல்லமுத்துவுக்கு ரொம்பத் திருப்தி.

விழுந்த இடத்திலேயே யோசனை நடந்தது.

"நம்ம மூணு பேருல யாராச்சும் தப்பிச்சு ஓடினோமா?" என்று கேட்டார் நல்லமுத்து.

"எங்கிட்டு ஓட?" என்றான் வெயிலான். "வாருக்குள்ளதானே கிடக்கோம்."

"ஓடினது யாரு?"

"பன்னி."

"ஏன் ஓடுச்சு?"

குப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "அது வாருக்கு வெளிய இருந்துச்சு, சித்தப்பா."

மறுநாள் மூவரும் அதே வாருக்குள் பக்கவாட்டாகவே டவுன் வரை நடந்துபோய், இன்னும் ஒரு இடுப்புக்கு வாரை நீட்டித் தரச்சொன்னார்கள்.

"யாருக்கு?"

"பன்னிக்கு."

ஆரோக்கியம் ஊசியைக் கீழே வைத்தார். "தைச்சிடலாம். அளவு கொண்டுவாங்க."

"சாப்பிட்டப்புறம்தானே?" என்றார் நல்லமுத்து.

"பின்னே? வயிறு முட்டத் தின்னப்புறம்தான்," என்றார் ஆரோக்கியம், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அன்று பொழுது சாய, இருளாயி தடியோடு காட்டுக்கு வந்தாள். பன்றி மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மூவரும் கயிறும் கையுமாக, பந்தி விசாரிக்கிற மாதிரி நின்றார்கள்.

"விரட்டாதே புள்ள," என்றான் குப்பாண்டி மெதுவாக. "அது இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

கடைசிப் பாத்தியும் முடிந்தது. நல்லமுத்து பன்றியின் வயிற்றை உற்றுப் பார்த்தார். "இன்னும் முட்டலையேடா. இப்ப அளந்தா பின்னால இறுக்கும். வீட்டுல கடலை இருக்கா?"

"அக்கா எடுத்துவச்ச விதைக்கடலை பானையில இருக்கு," என்றான் வெயிலான்.

இருளாயி தடியைக் கீழே போட்டாள். "நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன். கதவு திறந்துதான் கிடக்கு. மூணு பேரும் போங்க."

மூவரும் சுழன்று சுழன்று வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் பின்பக்கமாக நடந்துவந்த வெயிலான், "மச்சான், பன்னி நம்ம பின்னாடியே வருது," என்றான்.

நல்லமுத்துவுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. "வரட்டும்டா. வாருக்குள்ள வரணும்னு அதுக்கும் ஆசை இருக்காதா? தள்ளி நில்லுங்க. நாலாவது ஆளுக்கு இடம் விடுங்க."