இறங்க வேண்டிய நிலம்

பெயர் யாருக்கும் நினைவில்லாத ஒரு நாட்டில், எந்தக் காலத்திலோ, ஓர் அரசன் இருந்தான். தூர்ந்துபோன ஏரிக்கு நடுவே ஏழு நிலை மண்டபம் எழுப்ப வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை வந்தது. தலைமைக் கல்தச்சன் மாதேவன் வேலையைத் தொடங்கினான். மூன்றாம் நிலை ஏறும்போதே நிலம் ஒரு பக்கமாக உள்வாங்கி மண்டபம் சரிந்தது. ஒன்பது பேர் செத்துப்போனார்கள். அரசன் மாதேவனைச் சிறையில் தள்ளினான்.

அரசவை விகடகவி குப்பாண்டிக்கு அன்று வாய் எழவில்லை. இடிபாட்டிலிருந்து ஒன்பது பேரையும் எடுத்துக் கிடத்தியதை அவன் போய்ப் பார்த்திருந்தான். ஏன் பேசாமல் நிற்கிறாய் என்று அரசன் கேட்டபோது மெதுவாகச் சொன்னான்:

"தூண்களில் குறை இல்லை, மன்னா. அவற்றைத் தாங்க அங்கே நிலம்தான் இல்லை."

அரசன் குப்பாண்டியைக் கொண்டாடுவது அமைச்சர் அனந்தராயருக்கு வெகுநாளாகவே பொறுக்கவில்லை. அவர் எழுந்து, நிலத்தின் குறை தெரிந்தவருக்கே அதைச் சரிசெய்யவும் தெரியும், அந்தப் பொறுப்பைக் குப்பாண்டியிடமே விடலாம் என்றார். சபை தலையாட்டியது.

அரசனின் முகம் இறுகியது. "அதே இடத்தில் மண்டபம் எழ வேண்டும். கட்டி முடித்த பிறகு நிலம் ஒரு விரற்கடை இறங்கினாலும் உன் தலையும் இறங்கும்."

குப்பாண்டிக்குக் கல்லும் தெரியாது, மண்ணும் தெரியாது. நேரே சிறைக்குப் போனான். மாதேவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஏரிச் சேறு நீர் குடித்துக் கிடப்பது, பாரம் வைத்தால் அந்த நீர் மெல்ல மெல்ல வெளியேறுவது, நீர் போகப் போக மண் அமுங்கிக் கெட்டிப்படுவது, எல்லாவற்றையும் விளக்கினான். சேற்றில் ஆழமான குழிகள் தோண்டி ஆற்றுமணல் நிரப்பினால் நீர் சீக்கிரம் வெளியேறும் என்றும் சொன்னான்.

"இவ்வளவும் தெரிந்தா கட்டினீர்?" என்றான் குப்பாண்டி.

"தெரியும். அரசர் அவசரப்பட்டார். வாய் திறக்கப் பயந்தேன்" என்றான் மாதேவன்.

மறுவாரம் ஏரிக்குள் ஆட்கள் இறங்கினார்கள். நூற்றுக்கணக்கில் குழிகள் தோண்டி மணலைக் கொட்டினார்கள். அதன்மேல் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து குவிக்கச் சொன்னான் குப்பாண்டி. மண்டபத்தைவிடப் பாரமான மேடு எழுந்தது. பிறகு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மாதக்கணக்கில் அங்கே ஒரு வேலையும் நடக்கவில்லை. மேட்டின் அடியிலிருந்து கலங்கல் நீர் மட்டும் கசிந்துகொண்டே இருந்தது. குப்பாண்டி தினமும் போய், நட்டுவைத்த அளவுகோலைப் பார்த்துவிட்டுத் திரும்புவான். சோறு இறங்காமல் ஆள் பாதியாகிப் போனான். மண்டபம் கேட்டால் குப்பைமேடு போட்டிருக்கிறான் என்று ஊரே பேசியது.

எட்டாம் மாதம் அனந்தராயர் அரசனை அங்கே அழைத்து வந்தார். மேடு நான்கு முழம் தாழ்ந்திருந்தது. விரற்கடை இறங்கக் கூடாது என்ற இடத்தில் நான்கு முழம் இறங்கிவிட்டது, ஆணையை நிறைவேற்றலாம் என்றார். காவலர்கள் குப்பாண்டியின் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

குப்பாண்டி குனிந்து வணங்கிவிட்டுப் பேசினான். "கட்டி முடித்த பிறகு இறங்கக் கூடாது என்பதுதான் தங்கள் ஆணை. கட்டுவதற்கு முன் இறங்கக் கூடாது என்று தாங்கள் சொல்லவில்லை. அதனால் இறங்க வேண்டியதையெல்லாம் இப்போதே இறங்கிவிடச் சொல்லியிருக்கிறேன், மன்னா."

அரசன் அவனையும் மேட்டையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காவலர்கள் கையை விட்டார்கள். அனந்தராயர் மட்டும் சிரிக்கவில்லை. குப்பாண்டியும்தான்.

மேலும் நான்கு மாதம் போனது. அளவுகோலில் மேட்டின் மட்டம் மாறாமல் நின்றது. மேட்டை வெட்டி அகற்றி, ஏழு நிலையும் எழுப்பினார்கள். ஒரு மழைக்காலம் முழுதும் காத்திருந்து அளந்தார்கள். நிலம் இம்மியும் இறங்கவில்லை. அரசன் மகிழ்ந்துபோய் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டியின் கழுத்தில் போட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டான். குப்பாண்டி மாதேவனின் விடுதலையைக் கேட்டான். நல்ல மனநிலையில் இருந்த அரசன் உடனே சம்மதித்தான்.

வெளியே வந்த மாதேவனுக்கு வெயிலில் கண் கூசியது. மண்டபத்தைப் பார்க்க வாரும் என்றான் குப்பாண்டி. மாதேவன் வேண்டாம் என்று தலையை அசைத்தான். செத்தவர்களின் வீடுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டான்.

இருவரும் நடந்தார்கள். முதல் வீட்டில் கதவைத் திறந்த பெண்ணுக்கு மாதேவனை அடையாளம் தெரிந்தது. அவன் அவள் முன்னால் மண்டியிட்டு, தெரிந்தேதான் கட்டினேன் அம்மா என்றான். அவள் வாசலைவிட்டு ஓரமாக விலகி, அவர்கள் உள்ளே வர வழி விட்டாள்.