ஒருமனதான வானிலை அறிக்கை

கோணக்குளத்துக் காட்டில் ஒரு வானிலை ஆபீஸ் இருந்தது. நாவல் மரத்தடிதான் ஆபீஸ். தவளை பெருந்தொண்டையார் அதற்குத் தலைவர். மயில் தோகையாரும் எறும்பு சாரையாரும் உறுப்பினர்கள். தினமும் காலையில் மூவரும் கூடி, மழை வருமா வராதா என்று அறிக்கை விடுவார்கள்.

எப்படிக் கணித்தார்கள் என்கிறீர்களா? அந்தக் கூத்தைக் கேளுங்கள்! தவளை கத்தினால்தான் எறும்பு முட்டையை மேட்டுக்குத் தூக்குவார். எறும்பு தூக்கினால்தான் மயில் ஆடுவார். மயில் ஆடினால்தான் தவளை கத்துவார். அண்ணாந்து வானத்தைப் பார்க்கிற வேலையை மட்டும் ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை. மழை கொட்ட ஆரம்பித்ததும் மூவரும் சேர்ந்து கத்தி, தூக்கி, ஆடித் தீர்ப்பார்கள். "அடேயப்பா, என்ன கச்சிதம்!" என்று காடும் மெச்சிக்கொள்ளும்.

அன்று காலை பெருந்தொண்டையாருக்கு உடம்பெல்லாம் நமநமவென்று ஊறியது. மழைக்கு முன்னால் அவர் தோல் அப்படித்தான் ஊறும். ஆனால் போன வருஷம் அதை நம்பித் தனியாகக் கத்தினார், மழையோ பக்கத்துக் காட்டில் பெய்துவிட்டது. "என்ன தலைவரே, இன்னிக்காவது நனைவோமா?" என்று குரங்குகள் மாதக்கணக்கில் கேலி செய்தன. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

"தோகையாரே, ஆடலையா?" என்று மெல்லக் கேட்டார்.

"சாரையார் முட்டையைத் தூக்கட்டும், ஆடறேன்!"

"தலைவர் கத்தட்டும், தூக்கறேன்!" என்றார் எறும்பு.

யாரும் அசையவில்லை. மழை இல்லை என்று ஒருமனதாக முடிவாயிற்று.

அப்போது செம்பி என்ற கீரி மூச்சிரைக்க ஓடி வந்தாள். குளத்துச் சரிவில் அவள் வளை. உள்ளே கண் திறக்காத மூன்று குட்டிகள்.

"தலைவரே, மழை வருமா? வந்தா வளையில தண்ணி ஏறிடும். குட்டிங்களை இப்பவே மேட்டுக்குத் தூக்கணும். வராதுன்னா வெளியே எடுக்க மாட்டேன், மேல கழுகு சுத்துது!"

"அறிக்கை வந்தாச்சேம்மா! மழை இல்லை."

"அறிக்கை கிடக்கட்டும். உங்க உடம்பு என்ன சொல்லுது?"

பெருந்தொண்டையார் பின்னங்காலால் முதுகைச் சொறிந்துகொண்டார். ஊறல் தாங்க முடியவில்லை. 'தனியாச் சொல்லித் தப்பாப் போனா என் மானம் போகும். மூணு பேரும் சேர்ந்து சொல்லித் தப்பானா யார் என்னைக் கேட்கப் போறாங்க?' என்று நினைத்தார்.

"அறிக்கையில இருக்கறதுதாம்மா என் உடம்பும் சொல்லுது!"

செம்பி நம்பிப் போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் தலைவர் மூக்கில் கனமாக ஒரு துளி விழுந்தது.

"பனித்துளி!" என்றார்.

"பனித்துளியேதான்!" என்றார்கள் மற்ற இருவரும்.

உச்சிப்பொழுதுக்குள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. செம்பி இரண்டு குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய் மேட்டில் போட்டாள். மூன்றாவதை எடுக்கத் திரும்பியபோது வளை இருந்த இடத்தில் வெள்ளம் சுழித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆபீஸ் வழக்கம்போலக் கூடியது. "எதிர்பாராத மழை" என்று அறிக்கை தயாரானது.

"நான் மட்டுமா சொன்னேன்? நீங்களும்தானே!" என்றார் தவளை.

"மூணு பேருமே சொன்னோம். ஒருத்தரைக் குறை சொல்ல முடியாது பாருங்க!" என்றார் மயில்.

பெருந்தொண்டையாருக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நேரம் பார்த்துச் செம்பி எதிரே வந்து நின்றாள். அவள் மேலெல்லாம் சேறு.

"தப்பை மூணு பங்காப் போட்டு ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டீங்க. உங்களுக்கு லேசாத்தான் இருக்கும். செத்த குட்டி மட்டும் முழுசா எனக்கே வந்துடுச்சே, தலைவரே!"

மயில் எறும்பைப் பார்த்தார். எறும்பு தவளையைப் பார்த்தார். தவளைக்குப் பார்க்க யாருமில்லை. நேற்றே கத்தியிருக்கலாமே என்று நெஞ்சு வெடிக்க, போன வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் முதல்முறையாக மற்றவர்களைக் கேட்காமல் வாய்விட்டுக் கத்தினார். அதைக் கேட்டு யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறவன் பழிக்குத் தப்பலாம், அவனை நம்பி வந்தவர் அழிவுக்குத் தப்ப முடியாது.