நல்லம்மாள் வண்டிக்குப் புது பிரேக்

கோபப்படாமல் கேட்பதாக இருந்தால் இந்தக் கதையைச் சொல்கிறேன். சொல்கிறவனுக்கே அது முடியவில்லை என்பது வேறு விஷயம்.

கொல்லிமலையில் நல்லம்மாளுக்கு ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. பலாப்பழமும் மிளகும் ஏற்றிக்கொண்டு அத்தனை வளைவுகளையும் இறங்கி அடிவாரச் சந்தைக்குப் போகும். ஓட்டுகிறவன் சடையப்பன். சொன்ன சொல்லைத் தட்டாதவன். அவனுக்கு வினையாக வந்ததும் அதுதான்.

வண்டிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பாரத்தோடு இறங்கினால் பாதி மலையிலேயே சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். அதனால் நல்லம்மாள் ஒரு கட்டளை போட்டிருந்தாள். பாதி வழியில் இருக்கும் ஊற்றருகே வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் நகர வேண்டும். மலையில் ஓடும் பழைய வண்டிகளுக்கெல்லாம் இதே வைத்தியம்தான். சடையப்பன் ஒரு நாளும் தவறியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் வண்டி பிரேக் பிடிக்காமல் போய்த் தடுப்புச் சுவரை உரசி நின்றது. இனி அந்த பிரேக்கை நம்ப முடியாது என்று நல்லம்மாள் முடிவு செய்தாள். அடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கும் இன்னாசியிடம் வண்டியை விட்டு, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றச் சொன்னாள். இன்னாசி வேலையில் குறை வைக்கவில்லை. சக்கரத்தோடு சுழலும் தட்டு, அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், எல்லாம் புதிது.

வெள்ளோட்டத்துக்கு மலையேறிப் பாரம் ஏற்றி மூவருமாக இறங்கினார்கள். மிதித்த இடத்தில் வண்டி நின்றது.

"பாத்தீங்களா நல்லம்மாக்கா, லேசாத் தொட்டாப் போதும்!" இன்னாசிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஊற்றருகே மாரியாயி டீக்கடையில் இறங்கினார்கள். சடையப்பன் வழக்கம்போல் வாளியை மொண்டு முன்சக்கரத்தில் ஊற்றினான். சுர்ரென்று ஆவி கிளம்பியது. தெறித்த தண்ணீர் டீயில் விழாமல் இன்னாசி கிளாசைக் கையால் மூடிக்கொண்டார். அடுத்து எந்த வண்டிக்கு இந்த வேலை செய்யலாம் என்பதுதான் அவர் பேச்சு. "பின்னாலயும் ஊத்து சடையா" என்றாள் நல்லம்மாள்.

சில வாரங்களில் பிரேக்கை மிதித்தாலே ஸ்டியரிங் உதறத் தொடங்கியது. சடையப்பன் அன்றைக்கே சொன்னான். "புதுசுதானே, போகப் போகச் சரியாப் போயிரும்" என்றாள் நல்லம்மாள். சரியாகவில்லை. ஒரு வளைவில் உதறிய உதறலில் ஸ்டியரிங் கையை விட்டு நழுவி, வண்டி பாறையில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. பலாப்பழங்கள்தான் ரோடெல்லாம் உருண்டன.

வண்டியைப் பிக்கப் ஸ்டாண்டுக்கு இழுத்து வந்ததும் கூட்டம் கூடியது. இன்னாசி சக்கரத்தைக் கழற்றித் தட்டைச் சுழற்றிக் காட்டினார். நேராகச் சுற்றாமல் கோணிக் கோணி ஓடியது.

"கொதிக்கிற தட்டுல பச்சத் தண்ணிய ஊத்தினாக் கோணாம என்ன பண்ணும்? டிஸ்க்குக்கு அது ஆகாதுன்னு டிரைவருக்குத் தெரிய வேண்டாமா? இவன் ஊத்தறது எனக்கெப்படித் தெரியும்? பாத்திருந்தா அன்னிக்கே கையப் புடிச்சிருப்பேன்!"

நல்லம்மாள் கையை நீட்டினாள். "சாவியக் குடு சடையா. இனி நீ ஓட்ட வேண்டாம்."

மலையில் வண்டியை முட்டியவன் என்று பேர் வாங்கினால் வேறு யார் அவனை நம்பி வண்டி கொடுப்பார்கள்?

"அக்கா, ஊத்தச் சொன்னதே நீங்கதானுங்க. இப்ப நானாக்கா குத்தவாளி? இது எந்த ஊர் நியாயமுங்க?" ஆத்திரத்தோடு சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஊற்றச் சொன்னவள் ஒருத்தி. ஊற்றியவன் ஒருவன். பிரேக் மாட்டியவர் ஒருவர். நீங்கள் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் என்ன சொல்வீர்கள்? இதில் தவறியவர் யார்? சடையப்பன் சாவியைக் கொடுக்கத்தான் வேண்டுமா?

விடை: கொடுக்க வேண்டியதில்லை. சடையப்பன் அறியாமல் ஊற்றினான், உதறலையும் மறைக்கவில்லை. நல்லம்மாளும் அறியாமல்தான் ஊற்றச் சொன்னாள். ஆனால் உதறுகிறது என்று கேட்டும் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பாதது அவள் தவறு. தண்ணீர் ஆகாது என்று அறிந்தவர் இன்னாசி ஒருவர்தான். அவர் பார்க்கவில்லை என்றது பச்சைப் பொய். கூட்டத்தில் டீக்கடை மாரியாயிதான் கேட்டாள்: "பாக்காத ஆளு அன்னிக்குத் தண்ணி தெறிச்சப்ப எதுக்குய்யா என் கடை கிளாச மூடுனீங்க?" நல்லம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். இன்னாசியின் செலவிலேயே வேறு தட்டு மாட்டி, அடுத்த சந்தைக்குச் சடையப்பனே வண்டியை இறக்கினான். தன் டீயைக் காப்பாற்ற நீண்ட கை, அன்றைக்கே சடையப்பன் கையைப் பிடித்திருக்கலாம்.