பண்டிதர் சிவந்த கதை

அல்லிமங்கலத்து ராஜா செண்பகராயருக்கு எதிரிகளிடம் பயமில்லை, கொசுவிடம்தான் பயம். அரண்மனையைச் சுற்றி அகழி. பகைவன் ஒருவன்கூட அதைத் தாண்டியதில்லை. கொசுவோ அதிலேயே பிறந்து, நேரே ராஜாவின் கட்டிலுக்கு வந்தது.

இதற்கென்றே ஆஸ்தான வைத்தியர் அச்சுதப் பண்டிதர் ஒரு தைலம் வைத்திருந்தார். 'மசக சம்ஹாரி', அதாவது கொசுவை ஒழிப்பது, என்று பெயர். கொசுவுக்குச் சமஸ்கிருதம் தெரியாததால் அது பயப்படவில்லை. பன்னீரும் சந்தனமும் தவிர அதில் ஒரு சரக்கும் இல்லை. "கடிக்கிறதே?" என்றால், "உமக்குக் கெட்ட ரத்தம்" என்பார். அப்பேர்ப்பட்ட மேதை!

யானைக்கொட்டிலில் வேலை பார்த்த பூவாயி, நொச்சியையும் வேப்பிலையையும் இடித்துப் பாகன்களுக்குச் சாறு பூசினாள். கொசு அண்டவில்லை. பட்டத்து யானையின் காலில் சீழ் பிடித்திருந்த புண்ணையும் வேப்பிலைக் கஷாயத்தால் கழுவியே ஆற்றிவிட்டாள். பண்டிதருக்கு வயிறு எரிந்தது.

"அரசே! குப்பைமேட்டுச் செடியை அரைத்து அரண்மனையை நாறடிக்கிறாள். நாடு கடத்துங்கள்!"

"சாமி, இந்த யானைங்களை விட்டா எனக்கு யாருமில்லீங்க" என்று பூவாயி அழுதாள்.

மந்திரி சீராளர் எழுந்தார். "இன்று மாலை பண்டிதர் தம் தைலத்தோடு அகழிக்கரை மண்டபத்தில் உட்காரட்டும். கொசு கடிக்காவிட்டால் இவள் போகட்டும். இவளுடைய சாற்றுப் பானை அதுவரை பண்டிதர் வீட்டிலேயே இருக்கட்டும். இவளை நம்ப முடியாது."

மண்டபம் என்றதும் பண்டிதர் முகத்தில் ஈயாடவில்லை. பானை என்றதும் பல்லெல்லாம் தெரிந்தது.

சீராளர் கொட்டிலுக்குப் போனார். "பூவாயி, பானையைக் கொடுக்குமுன் இன்னொரு இலையும் அரைத்துச் சேர்" என்று அவள் காதில் சொன்னார்.

"அது எதுக்குங்க சாமி?"

"நாளைக்குத் தெரியும்."

மாலையில் காவலர்கள் பளார் பளாரென்று தங்களையே அறைந்துகொண்டார்கள். பண்டிதர் மட்டும் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு கடி இல்லை.

மறுநாள் சபைக்குத் தலையோடு கால் சால்வை போர்த்தி வந்தார். "அரசே, ஜெயித்துவிட்டேன்! அவளைத் துரத்துங்கள்!"

"பட்டப்பகலில் என்ன போர்வை?" என்று சீராளர் சால்வையை உருவினார்.

கை, கால், கழுத்து, காது, மூக்கு நுனி எல்லாம் செக்கச்செவேல்!

"இது... என் தைலத்தின் மகிமை" என்று திக்கினார் பண்டிதர்.

"மருதாணியின் மகிமை" என்றார் சீராளர். "பூவாயியின் பானையில் நான்தான் சேர்க்கச் சொன்னேன். மருதாணி எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு ஆசையாம், பெண்கள் சொல்வார்கள். குப்பைமேட்டுச் செடிமேல் நம் பண்டிதருக்கு எவ்வளவு ஆசை, பாருங்கள் அரசே!"

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். "பூவாயி, இனி அரண்மனைக்கே நீதான் மருந்து கொடுக்க வேண்டும். பண்டிதரே, உடம்புச் சிவப்பு போகும்வரை இவளுக்கு நீர் இலை இடித்துக் கொடும்!"

ஏழெட்டு நாளில் தப்பிக்கலாம் என்று பண்டிதர் கணக்குப் போட்டார். ஒரு வருஷமாகியும் அவர் கை வெளுக்கவில்லை. இடிக்கச் சொல்லிப் பூவாயி கொடுத்த இலைகளில் தினமும் ஒரு கைப்பிடி மருதாணியும் இருந்தது.