நான்கு பள்ளிகளும் வராத இட்லியும்

முன்னொரு காலத்தில், பல் துலக்கும் முன்பே ஆணை பிறப்பித்துவிடும் அரசன் ஒருவன் ஆண்ட நாட்டில், திருமேனிப் பண்டிதர் என்பவர் பெருங்கல்லூரித் தலைவராக இருந்தார். படிப்பு மலையளவு, பொறாமை அதைவிட ஒரு சாண் கூடுதல். அரசவை விதூஷகன் குப்பாண்டி வாயைத் திறந்தால் அரசன் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே பண்டிதருக்கு வயிறு பற்றி எரியும். அரசன் கழுத்து முத்துமாலைமேல் அவருக்குப் பதினொரு வருடமாக ஒரு கண். அது குப்பாண்டிக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் மனிதருக்குச் சோறு இறங்குவதில்லை.

ஒருநாள் அரசன் நகர்வலம் போனான். கல்லூரி வாசலில் தாடிக்காரன் ஒருவன் மணலில் 'அ' எழுதிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, இந்த வயதிலா?"

"மழலைப் பள்ளியில 'அ' எழுதினேன், மகாராசா. எழுத்துப் பள்ளிக்குப் போனா, அது செல்லாதுன்னு மறுபடி 'அ'. இலக்கணப் பள்ளியிலயும் அதே கதைதான். இப்பக் கல்லூரியில சேர்ந்திருக்கேன்."

கீழே இருப்பவன் கற்பித்ததை ஏற்றுக்கொண்டால் பெயர் அவனுக்கல்லவா போய்விடும்! அதனால்தான் நான்கு பள்ளித் தலைவர்களும் அப்படி நடத்தினார்கள். அதில் பண்டிதருக்குத்தான் முதலிடம்.

அரசன் சபையைக் கூட்டினான். "மழலைப் பள்ளி முதல் கல்லூரி வரை கல்வி ஒரே பாதையாக ஓட வேண்டும். மூன்றே நாள்! யார் செய்வீர்?"

பண்டிதர் குஷியாக எழுந்தார். "குப்பாண்டியைவிடத் தகுதியானவர் யார், அரசே? ஒரே நிபந்தனை. பள்ளிகளைப் பற்றியோ எங்களைப் பற்றியோ ஒரு சொல்லும் குறை கூறலாகாது. கூறினாலும் தோற்றாலும் நாடு கடத்த வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் அரசன்.

குப்பாண்டி பணிவாக வந்து நின்றான். "பண்டிதரே, கீழிருந்து வருவதை மேலிருப்பவர் எப்படி ஏற்க வேண்டும்? தங்கள் கையால் எழுதித் தந்தால் பிழைத்துப்போவேன்."

பண்டிதருக்குத் தலைகால் புரியவில்லை. பயல் தம்மிடமே வந்து கெஞ்சுகிறானே! 'கீழே இருப்பவர் செய்து அனுப்பியதை நம்பற்க. ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குக' என்று ஓலையில் எழுதி, முத்திரையும் வைத்தார். குப்பாண்டி மூட்டையோடு எல்லை தாண்டுவதை இரண்டு நாளும் மனத்துக்குள் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார்.

மூன்றாம் நாள் காலை, தலைவர்கள் நால்வரோடும் அரசன் இலைமுன் அமர்ந்தான். வெயில் ஏறியது. இட்லி வரவில்லை.

"எங்கே இட்லி?"

தலைமைச் சமையல்காரர் ஓடி வந்தார். "அரிசி ஊறுது, மகாராசா."

"இப்போதுதானா?"

"முந்தாநாளே ஆரம்பிச்சிட்டோம். ஊற வச்சவன் குடுத்ததை ஆட்டுறவன் கொட்டிட்டு, மறுபடி ஊற வச்சு ஆட்டினான். அவன் மாவைப் புளிக்க வைக்கிறவன் கொட்டிட்டு, தானே ஊற வச்சு, ஆட்டி, புளிக்க வச்சான். அதையும் அவிக்கிறவன் கொட்டிட்டு, இப்பத்தான் ஊறப் போட்டிருக்கான். ஓலை அப்படித்தானே வந்துச்சு!"

அரசன் ஓலையை வாங்கிப் படித்தான். முத்திரையைப் பார்த்தான். பண்டிதர் தம் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"குப்பாண்டி!"

"பள்ளிகளைப் பற்றி ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை, அரசே. ஓலையைச் சமையலறையில் கொடுத்தேன், அவ்வளவுதான்."

அரசனுக்குத் தாடிக்காரன் நினைவுக்கு வந்தான். பசியையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தான். "கீழ்ப்பள்ளி விட்ட இடத்தில் மேல்பள்ளி தொடங்கட்டும். எங்கே விடுவது, எங்கே தொடங்குவது என்று நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை உங்களுக்கும் இட்லி கிடையாது!"

பிறகு முத்துமாலையைக் கழற்றினான்.

"ஓலை பண்டிதருடையது, அரசே. மாலையும் அவரையே சேரட்டும்" என்றான் குப்பாண்டி.

அரசன் இன்னும் பலமாகச் சிரித்து, மாலையைப் பண்டிதர் கழுத்தில் போட்டான். தன் விரல் மோதிரத்தைக் கழற்றிக் குப்பாண்டிக்குக் கொடுத்தான்.

பதினொரு வருடம் ஏங்கிய மாலை பண்டிதர் மார்பில் தவழ்ந்தது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கண் முழுக்க அந்த மோதிரத்தின்மேல்தான் இருந்தது.