நாலாவது ஞாயிறு

தெய்வசிகாமணி பதினோரு வருடமாக வியாழக்கிழமை தவறாமல் மடத்துக்கு வருகிறவர். நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே வந்து நின்றார். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

அருளாண்டி சாமி கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தார். "உட்காரு" என்றார்.

"ஒரு கையெழுத்து சாமி. போடட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

"யாருக்கு?"

"தீனான்னு ஒரு பையன். பதினாறு வயசு. நகராட்சிச் சுவத்துல பெயிண்டால கிறுக்கிட்டான். மூணு ஞாயித்துக்கிழமை அந்தச் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்னு தண்டனை. முடிச்சுட்டான்னு நான் எழுதிக் கொடுத்தா விட்டுடுவாங்க."

"முடிச்சுட்டானா?"

"முடிச்சுட்டான்."

"அப்புறம் என்ன?"

சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

தேர்தல் தேதி அறிவித்ததிலிருந்து ஊரில் எல்லாக் கட்சிக்கும் ஒரே கவலை. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களாம். முதல் ஞாயிறு கவுன்சிலர் வந்து, சுண்ணாம்பு அடிக்கிற பையன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பையன் முகத்தை மறைத்து, கவுன்சிலர் முகத்தைப் பளிச்சென்று போட்டது பத்திரிகை. எதிர்க்கட்சிக்காரருக்கு வயிறு எரிந்தது. அடுத்த ஞாயிறு தானும் வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

ஆனால் சுவர்தான் வெளுத்துவிட்டதே! வெள்ளைச் சுவருக்கு வெள்ளையடிக்கிற பையனைப் படம் எடுத்து என்ன பிரயோஜனம்? நகராட்சி ஆணையர் தெய்வசிகாமணியைக் கூப்பிட்டார். "அவன் எழுதின மாதிரியே எழுதி வச்சிடுங்க" என்றார்.

இவர் கறுப்புப் பெயிண்ட் வாங்கி எழுதி வைத்தார். பையன் வந்து பார்த்தான். சுண்ணாம்பு அடித்து அழித்தான். மூன்றாவது ஞாயிறு எம்.எல்.ஏ. வந்தார். இவர் மறுபடி எழுதினார். அவன் மறுபடி அழித்தான்.

"இந்த ஞாயித்துக்கிழமை அமைச்சர் வர்றாரு சாமி. அது வரைக்கும் கையெழுத்துப் போடாதேங்கறாங்க. பையனுக்குச் சுண்ணாம்புல கையெல்லாம் வெந்துபோச்சு. இனி வரமாட்டேன்னுட்டான். வராம இருந்தா, கீழ்ப்படியலைன்னு எழுதிச் சிறுவர் இல்லத்துல போட்டுடுவாங்க. நான் கையெழுத்துப் போட்டா என் வேலைக்கு வேட்டு. ரிட்டயர் ஆக நாலு வருஷம்தான் இருக்கு."

சாமி எழுந்து போய் அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டு கொண்டுவந்தார். மடத்துச் சுவரைக் காட்டினார்.

"அவன் எழுதினதை இங்க எழுது."

"மடத்துச் சுவத்துலயா சாமி?"

"எழுது."

பழகிய கை கடகடவென்று எழுதி முடித்தது. பையனுடைய கோணல் எழுத்துகூட அப்படியே வந்தது. படிக்காமலே எழுதுவதற்கு அவர் தேறியிருந்தார்.

சாமி வாய்விட்டுப் படித்தார். "எங்கண்ணனைச் சாக்கடைக் குழிக்குள்ள இறக்கினது யாரு?"

தெய்வசிகாமணி விரலில் ஒட்டிய கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் என்ன ஆனான்?"

"செத்துட்டான். விஷவாயு. போன ஆடி மாசம். இருபத்துமூணு வயசு."

"இறக்கினது யாரு?"

"கான்ட்ராக்டரோட ஆளுன்னு ரிப்போர்ட் போயிருக்கு சாமி."

"ரிப்போர்ட் எழுதினது?"

"நான்தான்."

"இறக்கினது?"

அடைத்துக்கொண்ட குழி, மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்திய ஆணையர், "அஞ்சு நிமிஷ வேலைடா, இறங்கு" என்று சொன்ன தன் குரல், எல்லாம் ஒன்றாகத் தெய்வசிகாமணி முன்னால் வந்து நின்றன. தீனாவின் அண்ணன் சட்டையைக் கழற்றி மடித்து, "நனையாம வச்சிருங்க சார்" என்று இவர் கையில்தான் கொடுத்துவிட்டு இறங்கினான். அந்தச் சட்டையை என்ன செய்தோம் என்று இன்றுவரை அவருக்கு நினைவில்லை. அழுகை பொங்கியது. அடக்கப் பார்த்தும் அடங்கவில்லை.

"நான்தான் சாமி" என்றார்.

சாமி உட்கார்ந்து மறுபடி காயை எடுத்துக் கிள்ளினார்.

தெய்வசிகாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கையெழுத்து…" என்று இழுத்தார்.

"இன்னிக்கே போட்டுக் கொடுத்துடு. அவன் வேலை முடிஞ்சுபோச்சு."

"அப்ப ஞாயித்துக்கிழமை? அமைச்சர் வருவாரே சாமி. ஊரே கூடுமே. சுவத்துல எதையாவது எழுதி வைக்கணுமே?"

"எழுது" என்றார் சாமி. "அந்தப் பையன் ஒரு தடவைதான் கேட்டான். அதையே நீ ரெண்டு தடவை எழுதி, ரெண்டு தடவையும் அவன் கையாலயே அழிக்க வச்சே. இந்தத் தடவை பதிலை எழுது."