ஈஸ்ட் கேட்ட ஓய்வு

மெல்போர்னில் ஒரு கார் ஷெட்டுக்குள் மூடி போட்ட வாளி ஒன்று இருந்தது. வாளிக்குள் பீர் ஊறிக்கொண்டிருந்தது. அந்த பீருக்குள் ஈஸ்ட் மாடாக உழைத்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாக இரவு பகல் பாராமல் சர்க்கரையைத் தின்று தின்று சாராயமாக்கியதில் அதற்கு இடுப்பே ஒடிந்துவிட்டது. ஈஸ்டுக்கு ஏது இடுப்பு என்று கேட்காதீர்கள். அலுத்துப்போனவர்களுக்கு எல்லாம் இருக்கும்.

வேலையை முடித்துவிட்டு அடியில் போய்ப் படுத்த நேரத்தில்தான் வெளியே சண்டை ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் இன்பராஜுக்கு இதுதான் முதல் பீர். அதை நாற்பது பாட்டில்களில் அடைப்பதா, நண்பர் இரவல் கொடுத்த எஃகுப் பீப்பாயில் நிரப்புவதா என்று அவருக்கே பிடிபடவில்லை. அதனால் பாட்டில்களும் பீப்பாயும் முட்டிக்கொண்டன.

பாட்டில்கள் ஈஸ்டை அழைத்தன. “பீரோட சேர்ந்து நீயும் எங்ககிட்ட வந்துடு. இன்னும் கொஞ்சம் சர்க்கரை தருவாங்க. ரெண்டு வாரம் நீ பாடுபட்டாத்தான் பீர்ல நுரை கட்டும்.”

“இன்னும் ரெண்டு வாரமா? என்னால ஆகாது. என்னை விட்டுடுங்க.”

பீப்பாய் சிரித்தது. “எனக்கு சிலிண்டர்லேருந்து சோடா கேஸ் வரும். நுரையை அது பாத்துக்கும். நீ ஒண்ணும் செய்ய வேணாம். நிம்மதியா படுத்துக்க.”

இப்படி ஒரு வார்த்தையை அதனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. “பீப்பாயே போதும் சாமி,” என்றது ஈஸ்ட்.

இன்பராஜும் மனைவி ஜெசிந்தாவும் உள்ளே வந்தார்கள்.

“நாப்பது பாட்டிலையும் யாரு கழுவுறது?” என்றார் இன்பராஜ்.

“நீங்கதான். எனக்கு வேலையில நின்னு நின்னு காலு வீங்கிக் கெடக்கு.”

“எனக்கும் முடியல. பீப்பாயிலயே ஊத்திருவோம்.”

தெளிந்த பீர் குழாய் வழியே பீப்பாயில் இறங்கியது. ஈஸ்ட் கூடப் போகவில்லை. வாளியின் அடியில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து அது இவ்வளவு சுகமாகப் படுத்ததில்லை.

“எத்தனை நாள் தூங்கலாம்?” என்று வாளியைக் கேட்டது.

வாளி வேறொரு வீட்டில் புழங்கிவிட்டு வந்தது. அது கொஞ்சம் தயங்கியது. “அந்த வீட்டுலயும் பீப்பாய்தான். பீர் போனதும் என்னைக் கழுவிடுவாங்க.”

“உன்னைக் கழுவட்டும். நான்?”

வாளி மூலையில் இருந்த கழுவும் தொட்டியைப் பார்த்தது. ஈஸ்டுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தூக்கம் எங்கோ போய்விட்டது. பாட்டில்கள் இருந்த பக்கமாகக் கூப்பிட்டது.

“ரெண்டு வாரம்தானே? நான் செய்யறேன். வந்துடறேன்.”

பாட்டில்களுக்குப் பாவமாக இருந்தது. “எங்களையே இப்ப யாரும் கூப்பிடலையேப்பா,” என்றன.

இன்பராஜ் ஒரு கிளாஸ் பீரை வாயில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துபோனது.

“குடிச்சுப் பாரு ஜெசி. இந்த ஈஸ்ட் என்னமா உழைச்சிருக்குன்னு தெரியும்,” என்று மனசாரப் பாராட்டிக்கொண்டே வாளியைத் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.